தண்ணி கிண்ணி

திருநின்றவூரில் நாங்கள் இருக்கும் வரிசையில் மூன்று வீடுகள். மூன்றுக்கும் ஒரே கரண்ட் லைன். முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா சுலோசனா, நடுவில் கஜபதி குடும்பம், கடைசியில் நான். கஜபதி தன் மின்சாரக் காரைச் சார்ஜில் போட்டால் என் மின்விசிறி தள்ளாடும். இது தெரியாமல் முதல் வாரம் கண்டென்சரை மாற்றிப் பார்த்தேன். தெரிந்த பிறகு, புழுக்கம் பொறுக்க முடியாதபோதெல்லாம் நடுச்சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து கஜபதியின் மனைவி மதிவதனி குரல் கொடுப்பாள்.

"அண்ணே, வண்டி குடிச்சிகினு கீது. கொஞ்சம் பொறுத்துக்க."

"இன்னா குடி இது? ஊத்தினே இருந்தாலும் எழுந்துக்க மாட்டேங்குதே" என்பேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். அது பலிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கஜபதி பல வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு டீசல் கார் ஓட்டியவன். நசரத்பேட்டை, பூந்தமல்லி, ஆவடி பக்கமிருந்து வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றி, மாலையில் வீட்டு வாசலில் இறக்குவான். 'ரூட்' என்று அதற்குப் பெயர். அந்த ரூட்தான் அவன் வீட்டு அடுப்பு. போன வருடம் கம்பெனிக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கி, இனிமேல் புகை விடாத வண்டிக்குத்தான் ரூட் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல உடம்போடு இருந்த டீசல் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான் கஜபதி. புது மின்சாரக் கார் வாங்க வசதியில்லை. சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஸ்ரீநாத் என்பவரிடம் பழைய வண்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது.

பார்க்கப் போவதற்கு முதல்நாள் மதிவதனி நெத்திலி ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"மாமா, கலர பாத்துட்டு வாயப் பொளந்துகினு வராத. தண்ணி பூந்த வண்டியான்னு மொதல்ல கேளு. அந்தப் பக்கம் போன மழைக்கி ரோடெல்லாம் ஏரியாத்தான் கெடந்திச்சி."

"கேக்கறேன்டி."

"கேக்காம வந்த, சோறு கெடையாது."

அவளுக்கு அந்தப் பயம் வந்ததில் நியாயம் இருந்தது. ஒரு மழையில் ஏரி நிரம்பி எங்கள் வரிசைக்குள்ளேயே வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதந்தது. தண்ணீர் வடிந்ததும் அவள் பிரிட்ஜைத் துடைத்து வெயிலில் காயவைத்தாள். அதுவும் சமர்த்தாக ஓடியது. அடுத்த மழைக்காலம் வந்தபோது ஒருநாள் மீன்குழம்பை உள்ளே வைத்துக்கொண்டே செத்துப்போனது. தவிர, அவள் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஆவடியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டில் கூட அந்த ஸ்டிக்கர்கள் அங்கங்கே கிடக்கும்.

துணைக்கு நானும் போனேன். ஸ்ரீநாத் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். மென்மையான ஆள், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார். பளிங்குத் தரை, கண்ணாடி மேசை, சுவர் முழுக்க டிவி. கஜபதி செருப்பை வாசலில் விட்டதோடு தைரியத்தையும் விட்டுவிட்டான். கார் கீழே மினுமினுவென்று நின்றது. உள்ளே மல்லிகை வாசனை டப்பா ஒன்று தொங்கியது. முழு சார்ஜில் இவ்வளவு தூரம் போகும் என்று திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்து எனக்கே வாய் பிளந்தது.

பேச்செல்லாம் முடிந்து கைகொடுக்கும் நேரத்தில்தான் அவனுக்கு மதிவதனி நினைவு வந்தது. பெரிய மனிதரிடம் முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. தண்ணி கிண்ணி எதுனா...?"

ஸ்ரீநாத் நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ, தொட்டதே இல்லீங்க. முருகன் மேல சத்தியமுங்க."

அவர் மனைவி நிவேதிதா அப்போதுதான் காபித் தட்டோடு வந்தார். ஒரு நிமிடம் கணவரையே பார்த்தார். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கஜபதிக்கோ முகமெல்லாம் பல். சாமி மேல் சத்தியம் செய்தவரை அதற்கு மேல் என்ன கேட்பது? நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தோம். பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்தை மஞ்சளாக்கி, முறைப்படி வாடகை வண்டியாக மாற்றியதும் ரூட் அவனுக்கே கிடைத்தது.

வெயில் காலம் முழுக்க ஓடியது. திரையில் தெரிந்த தூரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஏசி போடுவதால் இருக்கும் என்றான் கஜபதி. பெண்களை ஏற்றுவதால் இருக்கும் என்றான். மேம்பாலம் ஏறுவதால் இருக்கும் என்றும் சொன்னான். சார்ஜ் போடும் நேரம் கூடிக்கொண்டே போய், என் மின்விசிறி நாள் முழுக்கத் தள்ளாட ஆரம்பித்தது.

முதல் மழை பிடித்த மாலையில் ஆமை வந்தது.

இந்த வண்டிகளில் பேட்டரி முடியாமல் போகும்போது ஓட்டுநர் எதிரே ஒரு சின்ன ஆமைப் படம் எரியும். இனிமேல் என்னிடம் வேகத்தை எதிர்பார்க்காதே என்று அர்த்தம். நசரத்பேட்டை தாண்டி, கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில், கொட்டுகிற மழையில், மூன்று பெண்களோடு போய்க்கொண்டிருந்தபோது அது எரிந்தது. பாதி சார்ஜ் மீதி இருந்ததாம்.

"அண்ணா, ஏன் ஆமை மாதிரி போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள் பின்னாலிருந்த வர்ஷா.

"ஆமையே தாம்மா. தோ, படம் போட்டுக் காட்டுது பாரு."

சிரித்திருக்கிறார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே உரசினாற்போல் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரம் கட்டுவதற்குள் வண்டி அடங்கிப்போனது. மூன்று பெண்களும் ஒரு பஞ்சர் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கும் ஜெகதீஷ் போனில் பிடித்துக்கொண்டான்.

"பொண்ணுங்கள ஹைவேல எறக்கி உட்டுக்கீறியே, அறிவு கீதா உனக்கு? எதுனா ஒன்னு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"திடீர்னு படுத்துகிச்சிபா. நான் இன்னா பண்ணுவேன்?"

"வர்ற வாரம் முழுக்க மாத்து வண்டி போட்டுக்கறேன். அதுக்கப்புறம் திங்கக்கெழம காலைல உன் வண்டி ஒழுங்கா வந்து நிக்கணும். நிக்கலன்னா ரூட்டு வேற ஆளுக்கு. அப்பால என்னாண்ட வந்து அழுவாத."

அன்று வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மழை விட்டதும் மதிவதனி துடைத்துச் சுத்தம் பண்ணலாம் என்று கதவுகளைத் திறந்தாள். கைபட்டு மல்லிகை டப்பா கீழே விழுந்தது. அதை வெளியே வைத்துவிட்டு உள்ளே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க வா. மோந்து பாரு."

"இன்னா?"

"நம்ம ஊட்ல தண்ணி பூந்தப்ப பீரோ நாறுச்சே, அதே நாத்தம்."

"ஈரத்துல எல்லா வண்டியும் அப்டித்தான் நாறும்" என்றான் கஜபதி. அவனுக்கு அதை நம்ப இஷ்டமில்லை.

அவள் தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அடியில் பஞ்சு கறுத்துப்போயிருந்தது. அதற்கும் கீழே தகட்டின் மேல் காய்ந்த சேறு வெடித்துக் கிடந்தது. சீட்டு போல்ட்டுகளில் துரு. சேற்றில் ஒரு நத்தை ஓடு. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் ஸ்டிக்கர் பட்டையைக் கொண்டுவந்து, துருவுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, ஈரக்கறைக்கு ஒன்று என்று சிவப்பு அம்புக்குறிகளை ஒட்டிக்கொண்டே போனாள். ஒட்டி முடித்தபோது கார் முழுக்க அம்புகள்.

"இது சட்டையா இருந்தா, மொத்தமா திருப்பி அனுப்பிருப்பேன்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் எப்போதோ தண்ணீர் இறங்கிக் கம்பி முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது, தண்ணீர் புகுந்த வண்டிக்குக் கம்பெனி பொறுப்பில்லை, மொத்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்ற ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, அதற்கு இன்னொரு காரே வாங்கலாமே என்று கஜபதி கேட்டான். ஆமாம் சார், வாங்கலாம் என்று அந்தப் பையன் சிரித்த முகத்தோடு சொன்னான்.

ஈரம் காய்ந்ததில் வண்டி மெதுவாக ஊரும் அளவுக்கு எழுந்திருந்தது; கஜபதி, மதிவதனி, நான் மூன்று பேரும் அதிலேயே சென்னீர்குப்பம் போனோம். ஆமை வழித்துணைக்கு வந்தது. குடியிருப்புக் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. ஸ்ரீநாத் கீழே வந்தார், அரைக்கால் சட்டையும் கையில் குப்பைப் பையுமாக. வந்தது வந்தோம், குப்பையையும் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"வாங்க, வாங்க. வண்டி நல்லா ஓடுதுங்களா?"

கஜபதி உள்ளங்கையை விரித்து நத்தை ஓட்டைக் காட்டினான். "இது இன்னா சார்?"

"நத்தைங்க."

"நத்தைக்கு கார்ல இன்னா சார் வேல? ஓட்டக் கத்துக்க வந்துச்சா?"

ஸ்ரீநாத் குப்பைப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "போன மழைக்குக் கீழ பார்க்கிங்ல தண்ணி வந்துதுங்க. எல்லாத்து வண்டியுந்தான் நின்னுது. நானு காய வெச்சு, அப்புறம் நல்லாத்தானே ஓட்டிட்டு இருந்தேன். உங்க கிட்டயும் ஓட்டித்தானே காட்டுனேன்?"

"நான் கேட்டனே சார்!" கஜபதியின் குரல் உடைந்தது. "வாய உட்டு கேட்டனே! தண்ணி கிண்ணி எதுனா உண்டான்னு. தோ, இந்த அண்ணாத்தே சாட்சி. தொட்டதே இல்லன்னு முருகன் மேல சத்தியம் பண்ணியே!"

ஸ்ரீநாத் திகைத்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுங்களா? நீங்க குடிப்பழக்கத்தக் கேக்கறீங்கன்னு நெனச்சனுங்க. குடிச்சுப்போட்டு ஓட்டி எங்கயாச்சும் இடிச்சிருப்பனோன்னு. நெசமா நான் குடிச்சதே இல்லீங்க. இப்பவும் சத்தியம் பண்றேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டாரா, அல்லது இந்த ஓட்டையை அன்றைக்கே கண்டுபிடித்து நுழைந்துகொண்டாரா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தெரிந்திருந்தால் ஒன்று மன்னித்திருக்கலாம், இல்லை சட்டையைப் பிடித்திருக்கலாம்.

"யோவ், கார் வாங்க வந்தவன் உன் குடிப்பழக்கத்த இன்னாத்துக்குயா கேக்கப் போறேன்? உனக்குப் பொண்ணு குடுக்கவா வந்தேன்?" என்று கத்தினான் கஜபதி.

"மரியாதையாப் பேசுங்க."

"தண்ணின்னா இன்னா சார் உங்க ஊர்ல?" என்று கேட்டாள் மதிவதனி. "காலைல கொழாயத் தொறந்தா உங்க ஊட்ல இன்னா வருது, பிராந்தியா?"

மேலே இரண்டாவது மாடிப் பால்கனியில் நிவேதிதா நின்றுகொண்டிருந்தார். மதிவதனி அண்ணாந்து பார்த்தாள்.

"யக்கா, அவுரு சத்தியம் பண்ணச்சொல்லோ நீயும் காபி எடுத்துகினு வந்து நின்னியாமே? உனக்குமா புரியல?"

பால்கனிக் கதவு மூடிக்கொண்டது.

குடியிருப்புச் சங்கத்து ஆள் ஒருவர் வந்து, இங்கே சத்தம் போடக்கூடாது, வெளியே போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே போன பிறகு பேச அங்கே யார் இருந்தார்கள்? ஸ்ரீநாத் குப்பையைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ தண்ணின்னு கேட்டியா, வெள்ளம்னு கேட்டியா?" என்றார்.

"தண்ணின்னுதான் சார் கேட்டேன்."

"வெள்ளம்னு கேட்டிருக்கணும். இப்ப அந்தாளு சொல்றதும் கரெக்டாத்தானபா கீது. கோர்ட்டுக்குப் போ."

கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வரும். திங்கட்கிழமைக்குள் வருமா என்று சொல்லத்தான் ஆளில்லை.

கஜபதி இரண்டு நாள் காரின் பக்கமே போகவில்லை. ஒரு காலத்தில் மாலை ஆனால் மதுக்கடை வாசலில் நிற்பவன் அவன். சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து அடியோடு விட்டுவிட்டான். விட்ட பிறகு தண்ணி என்ற சொல்லுக்கு அவனுக்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு அர்த்தமே அவனைக் கவிழ்த்துவிட்டது. பழைய புத்தி கொஞ்சம் இருந்திருந்தால் கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்டிருப்பானோ என்னவோ.

மூன்றாம் நாள் அவன் போன் போட்டதும் பட்டாபிராமிலிருந்து இருதயராஜ் வந்தான். பழைய வண்டி வாங்க, விற்க ஆள் பிடிக்கும் தரகன்.

"இன்னா மாமே, இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுகினு? எல்லா வண்டிக்கும் ஒரு மாப்ள கீறான். ரெண்டு நாளு ஏசி போடாம, அன்ன நட நடக்கற மாரி ஓட்டு. வண்டி அதயே கணக்குல எடுத்துகினு, ரொம்ப தூரம் போவேன்னு ஸ்கிரீன்ல ஏத்திக் காட்டும். அந்த கோயம்புத்தூர் ஆளும் அதான் பண்ணிருப்பான். இத்த தள்ளி உட்டுட்டு அந்தத் துட்டுல வேற வண்டி புடிச்சிரலாம். நம்மாண்ட ஒன்னு ரெடியா கீது. திங்கக்கெழம ஜம்முனு போயி நில்லு."

"வாங்கறவன் கேட்டா?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கஜபதி எழுந்து போய்க் காரிலிருந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தான். பசை போகாத இடங்களில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். மதிவதனி ரயில் இறங்கி வந்து பார்த்தபோது தரைவிரிப்பு பழையபடி பொருந்திக் கிடந்தது, புது மல்லிகை டப்பா தொங்கியது. அன்று கருவாட்டுக் குழம்பு. சோற்றுத் தட்டை அவள் தரையில் வைத்த சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருதயராஜ் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். செல்வகுமார் என்று பெயர், நசரத்பேட்டைக்காரன், கஜபதியைவிட இளையவன். அவனும் ஒரு கம்பெனிக்கு டீசல் வண்டி ஓட்டுகிறவன். அங்கேயும் புகை விடாத வண்டி கேட்கிறார்களாம். செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு, காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கதவை இரண்டு தரம் திறந்து மூடினான். கஜபதி இரண்டு நாள் அன்ன நடை ஓட்டியதில் திரையில் ஏறியிருந்த தூரத்தைப் பார்த்ததும் அவன் வாய் பிளந்தது. மதிவதனி டீ போட உள்ளே போனாள். நான் என் வாசலில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு முடிந்தது. செல்வகுமார் சட்டைப் பையில் கைவிட்டவன், எதையோ நினைத்துக்கொண்டு கையை வெளியே எடுத்தான். கஜபதியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. தண்ணி கிண்ணி எதுனா...?"

இருதயராஜ் கஜபதிக்குக் கண்ணைக் காட்டினான். கஜபதி நெற்றி வியர்வையைத் துடைத்தான். இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் அதற்கும் மேலே போய்விட்டான்.

"அத்தத் தொட்டு வருசக்கணக்கா ஆவுது தம்பி. ஐயப்பன் மேல சத்தியமா."

செல்வகுமாரின் முகமெல்லாம் பல். அன்று சென்னீர்குப்பத்தில் கஜபதியின் முகத்தில் நான் பார்த்த அதே சிரிப்பு. அவன் கை மறுபடி சட்டைப் பைக்குப் போனது.

மதிவதனி டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவுரு தொட மாட்டாரு தம்பி" என்றாள். "வண்டிதான் குடிச்சிகீது. கழுத்து மட்டும்."

செல்வகுமார் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். காரைப் பார்த்தான், மதிவதனியைப் பார்த்தான். பிறகு குனிந்து தரைவிரிப்பின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வரேங்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். டீயைக்கூடத் தொடவில்லை. இருதயராஜ் பைக்கை உதைத்துக்கொண்டே, "ஊட்டுக்குள்ளயே ஆப்ப வெச்சிகினு எனுக்கு ஏன்யா போன் போடற?" என்று கஜபதியிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனான்.

கஜபதி சாவியைத் தரையில் அடித்தான்.

"இன்னாத்துக்குடி சொன்ன? நாளைக்கி ரூட்டு பூடும். தெர்தா உனக்கு? பூடும்! நான் பொய்யா சொன்னேன்? சத்தியமா உண்மயத்தான சொன்னேன்!"

அடித்துவிடுவானோ என்று நான் எழுந்தே விட்டேன். மதிவதனி நகரவில்லை. டம்ளர்களில் டீ ஆடிக்கொண்டிருந்தது.

"அவன் பொண்டாட்டி கேட்டுகினு வரச் சொல்லி அனுப்பிச்சிருப்பா மாமா" என்றாள். "நான் அனுப்பிச்ச மாரி."

கஜபதி வெகு நேரம் கார் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. சுலோசனா அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆறிப்போன டீயை மூன்று பேரும் குடித்தோம், யாரும் யாரையும் பார்க்காமல்.

மாலையில் அவன் எழுந்து சாவியைத் தேடி எடுத்தான். வயரை இழுத்துக்கொண்டு போய்ச் செருகினான். காலையில் எப்படியாவது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் என் மின்விசிறி தள்ளாட ஆரம்பித்தது. புழுக்கம் தாளாமல், பழக்க தோஷத்தில், நடுச்சுவர் வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டேன்.

தட்டவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்து படுத்தேன்.